இழுத்துவிட்ட பளிங்கு முகம்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்கு நிச்சயதார்த்தம். ஒரகடம் ரோட்டில் புதிதாகத் திறந்த ஒரு ஹோட்டலில். மாப்பிள்ளை வீட்டார் விருப்பம்... மறுக்க முடியுமா?

எனக்குக் கவலை எல்லாம் வீட்டுக்காரரைப் பற்றித்தான். மூன்று மாதத்துக்கு முன் முகவாதம் வந்து அவருக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். நானும் எங்கள் பெருமாள் கோயிலில் உடையவர் சன்னதியில் அழாத நாளில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் போட்டோவுக்கு நிற்பதே இல்லை.

"தட்டு மாத்துறப்ப உங்கண்ணன நிக்க வெச்சிக்கோ" என்று காரிலேயே சொல்லிவிட்டார். பெண்ணைப் பெற்றவர் இல்லாமல் ஒரு நிச்சயதார்த்தமா?

உள்ளே நுழைந்தால் — நடுவில் ஒரு வெள்ளைப் பளிங்குச் சிலை. பழைய காலத்து வெள்ளைக்கார அம்மா. சுருள் முடி, நெற்றி, மூக்கு எல்லாம் அவ்வளவு லட்சணம். மூக்குக்குக் கீழேதான்... சப்பாத்தி மாவை இழுத்தாற்போல் முகம் ஒரு பக்கமாக நீண்டு, தோள்வரை வழிகிறது. பின்னமான சிலையை நாங்கள் வாசலில்கூட வைக்க மாட்டோம். நல்ல நாளும் அதுவுமாக இதுதான் அவர் கண்ணில் பட வேண்டுமா, பெருமாளே?

மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகளோ அதனுடன் செல்ஃபி எடுக்க வரிசையில் நின்றார்கள்.

இவர் இருபது வருஷமாகக் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சிலையை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இன்னாம்மா, லாரில வர்றப்ப அடி வாங்கிச்சா? ரிஜெக்ட் பண்ணி அனுப்பக் கூடாதா?" என்று ரிசப்ஷன் பெண்ணைக் கேட்டார்.

"இல்ல சார், வேணும்னே இப்படிச் செதுக்கினது. வாரவங்க எல்லாம் இதுகூடத்தான் போட்டோ எடுக்காங்க" என்றாள் அவள். தென்காசிப் பக்கத்துப் பேச்சு.

"அட... டேமேஜ் இல்லியா? ட்ராயிங்கே அப்பிடியா!"

அதற்குள் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்தபடி மகள் வந்துவிட்டாள். "ப்பா, மாமா நின்னா நான் மேடையே ஏற மாட்டேன், ஆமா."

"கோணிக்கினு தெரியும்மா..."

"தெரியட்டும். இந்தம்மா கூட நிக்கவே க்யூ கீது. உன்கூட நிக்க நான் வந்துகிறேன். கஸ்டமர் நானு... ஓகே சொல்ட்டேன். வா."

சிலையை இன்னொரு தரம் பார்த்தார். துண்டால் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டார். மகளோடு மேடை ஏறினார்.

"சார், கொஞ்சம் திரும்புங்க. நல்லா இருக்கற பக்கம் காட்டுங்க" என்றார் போட்டோகிராபர்.

"ரெண்டும் என் பக்கந்தாம்பா. நேராவே எடு."

பக்கத்தில் நின்ற நான் அழுதுவிட்டேன்... அந்தப் போட்டோவில் கோணலாக இருப்பது என் முகம்தான்!

அந்தச் சிலையைச் செய்தவர் யாரோ, எந்த ஊரோ. மறுநாள் கோயிலில் அவருக்காகவும் ஒரு விளக்குப் போட்டேன். பேர் தெரியாவிட்டால் என்ன, பெருமாளுக்கு ஆளைத் தெரியும்.