மருந்து தின்னாத எலிகள்

கங்கைகொண்டான் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிகளை எடை போடுவதுதான் அப்போது என் வேலை. பூச்சிமருந்தைத் தீவனத்தில் கலந்து இரண்டு வருடம் கொடுத்து, புற்றுநோய் வருகிறதா என்று பார்ப்பார்கள். ஒரு கூட்டத்துக்குக் கொஞ்சம், இன்னொன்றுக்கு அதிகம், மற்றொன்றுக்கு வெறும் தீவனம். வாராவாரம் எடை போட்டு, உடம்பைத் தடவி, கட்டி இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். என் விரலில் தட்டுப்பட்ட முதல் கட்டி, வெறும் தீவனம் தின்ற எலிக்கு. அன்று முழுக்க எனக்கு அதே யோசனை; மேலதிகாரியிடம் கேட்டேன். வயதானால் சும்மா இருக்கும் எலிக்கும் கட்டி வருமாம். மருந்து தின்றவற்றுக்குக் கூடுதலாக வருகிறதா என்பதுதான் கேள்வியாம். அதிலிருந்து அந்த ஒன்றும் தின்னாத கூட்டத்தின் மேல்தான் என் கண். அது இல்லாவிட்டால் எதை எதோடு ஒப்பிடுவது?

ஸ்ரீவைகுண்டத்தில் அண்ணன் வாழை போட்டிருந்தான். டிரம்மில் மருந்தை ஊற்றி, முழங்கை வரை விட்டுக் கலக்குகிறவன். அவனுக்கு எங்கே ஏதாவது வந்துவிடுமோ என்று பயந்து, தடித்த ரப்பர் கையுறை ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். மறுமாதம் போனால், அதைப் போட்டுக்கொண்டு வாழைத்தார் வெட்டிக்கொண்டிருக்கிறான். கையில் கறை படுவதில்லையாம். வெட்டி முடித்ததும் கழற்றி, கழுவி, கொடியில் காயப்போட்டுவிட்டு, வெறுங்கையோடு மருந்து கலக்கப் போனான்.

“அண்ணே, இதுக்குத்தானே அதை வாங்கிக் குடுத்தேன்.”

“மருந்து பட்டா கிளவுசு கெட்டுப்போவும்லா. கைன்னா கழுவிக்கிடலாம்.”

சிரிப்பு வந்தது. எலிகளைப் பற்றிச் சொன்னேன். மருந்து டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் குடைந்து குடைந்து கேட்டான். எலி எத்தனை நாள் இருக்கும், கட்டி எந்த இடத்தில் வரும், மருந்து தின்னாததை எங்கே வைத்திருப்பீர்கள்.

“தனிக் கூண்டு. அதுக்கிட்ட மருந்து வாடையே போகக் கூடாது.”

“ஏட்டி, அப்போ நம்ம ஊர்ல அந்தக் கூண்டு எங்கன இருக்கு?”

வரப்பில் நின்று சுற்றிப் பார்த்தேன். கிழக்கே மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். மேற்கு வயலில் நேற்று அடித்த வாடை இன்னும் போகவில்லை. நடுவில் வாய்க்காலில் ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

கொடியிலிருந்து கையுறைகளை எடுத்து நீட்டினேன். மறுபேச்சில்லாமல் வாங்கி, ஒன்றை வலது கையில் மாட்டிக்கொண்டான். டிரம்மைப் பிடிக்கக் குனிந்த என்னிடம் மற்றதைத் தந்தான்.

“நீயும் இந்த வாய்க்கால்ல குளிச்சு வளந்தவதானே. போட்டுக்கோ.”