பேச்சில் போட்ட பாயின்ட்டுகள்

கணுக்காலில் மாவுக்கட்டுப் போட்டிருந்த நாட்களில்தான் நான் முதன்முதலாகக் கம்ப்யூட்டரில் ஒரு கேம் விளையாடினேன். விக்கிரவாண்டியில் நெடுஞ்சாலையோர ஓட்டல் ஒன்றில் பில் போடுவது என் வேலை. காலை ஊன்றக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டதால் திண்டிவனத்தில் வீட்டோடு கிடந்தேன். கணவர் விழுப்புரத்துக்கு ரயிலில் வேலைக்குப் போய்விடுவார். டிவியும் அலுத்தபோது, அவர் லேப்டாப்பில் விளையாடுவதை எனக்கும் காட்டச் சொன்னேன்.

வாளும் மந்திரமும் பூதங்களும் உள்ள விளையாட்டு. முதலில் நமக்கென்று ஓர் ஆளை உருவாக்க வேண்டும். வில் ஏந்திய ஒல்லிப் பெண்ணை எடுத்தால் சுலபமாக ஜெயிக்கலாம் என்றார். நான் குள்ளர் இனத்துப் பெண்ணை எடுத்து, மூக்கை அகலமாக்கி, இடுப்பைப் பெருக்கினேன். நிறத்துக்கான பட்டையைக் கடைசிவரை இழுத்தும் என் நிறம் வரவில்லை. அதற்குமேல் அதில் கறுப்பு இல்லை. இருந்ததை வைத்துக்கொண்டேன்.

அடுத்தது திறன்கள். வாள், கேடயம், மந்திரம், பேச்சு என்று இருந்தவற்றுக்கு நம் கையிலுள்ள பாயின்ட்டுகளைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் பேச்சிலேயே போட்டேன்.

"சண்டைன்னு வந்துட்டா இன்னா பண்ணுவ?" என்றார்.

"பேசுவேன்."

ஓட்டலில் குடித்துவிட்டு வம்பு செய்பவர்களிடம் அதைத்தானே செய்துவந்தேன்.

பேச்சு நன்றாகவே வேலை செய்தது. கொள்ளைக்காரர்கள் வழிவிட்டார்கள். கோட்டைக் காவலன் கதவைத் திறந்தான். லெவல் ஏறும்போது கிடைத்த பாயின்ட்டுகளும் பேச்சுக்கே போயின. துறைமுகத்துக்குப் போகும் வழியில், மலைக்குகையில் ஓநாய்கள் வந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன். ஓநாயிடம் என்ன பேசுவது? திரும்பத் திரும்பச் செத்தேன். விளையாட்டில் வரும் கோயில் பூசாரிக்குக் காணிக்கை கொடுத்தால் போட்ட பாயின்ட்டுகள் திரும்பக் கிடைக்கும், எடுத்து வாளில் போடு என்றார் கணவர். "எம்மாம் நேரம் இதுலயே மாட்டிக்கினு இருப்ப?" எனக்குக் கோபம் வந்து லேப்டாப்பை மூடிவிட்டேன்.

மறுநாள் தனியாக இருந்தபோது, விளையாட்டில் முன்பு கடந்துவந்த விடுதிக்குத் திரும்பிப் போனேன். அங்கே மூலையில் ஒரு கிழட்டு வீரன் குடித்துக்கொண்டிருப்பான். முதல்முறை என்னை விரட்டியவன். இப்போது என் பேச்சுத் திறன் ஏறியிருந்ததால் அவனிடம் சொல்லப் புதிதாக ஒரு வரி வந்தது. அதைத் தேர்ந்தெடுத்தேன். எழுந்து என்னோடு வந்துவிட்டான். சாயங்காலம் வந்த கணவரால் நம்ப முடியவில்லை. "இவன் எழுந்து வருவான்னே எனக்குத் தெரியாது" என்று சட்டையைக்கூட மாற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்தார்.

குகையில் அந்த வீரன் ஓநாய்களையெல்லாம் வெட்டினான். கடைசி ஓநாய் அவனைக் கொன்றது. அந்த விளையாட்டில் துணையாக வருபவர்கள் செத்தால் செத்ததுதான். நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"பழைய சேவ்லேர்ந்து ஆடு" என்றார் அவர் மெதுவாக.

குகைக்கு வருமுன் சேமித்துவைத்திருந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கினேன். இம்முறை குகைப் பக்கமே போகாமல் அவனை ஆற்றோரப் பாதையில் சுற்றிக் கூட்டிப்போனேன். துறைமுகத்தை நாங்கள் அடைந்த வாரம் என் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். நான் வேலைக்குத் திரும்பினேன். அதற்குப் பிறகு விளையாட நேரம் கிடைக்கவில்லை.

கணவர் இப்போது பேச்சுக்குப் பாயின்ட் போட்டுப் புதிதாக ஓர் ஆளை ஆடுகிறார். பாதியை வாளிலும் போட்டிருக்கிறார்.