மெஷின் நின்றால் கை வைக்காதே

எழுபதுகளின் நடுப்பகுதி. தேனாம்பேட்டையில், மவுண்ட் ரோடைப் பார்த்த ஒரு கட்டடத்தின் மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் மையம் இருந்தது. மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் நசுங்கி, வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தால் உள்ளே ஏ.சி. குளிரில் பல் கிட்டும். கணக்கு படித்தவள், இங்கிலீஷும் எழுதுவாள் என்று என்னை எடுத்திருந்தார்கள். மெஷினில் எந்த வேலையை எப்படிச் செய்வது என்று செய்முறைக் குறிப்பு எழுதுவதுதான் என் உத்தியோகம். "கம்ப்யூட்டர்ல வேலைன்னு ஊரெல்லாம் சொல்லிண்டிருக்கே. நீ பண்றது என்னமோ சமையல் குறிப்பு எழுதற மாதிரின்னா இருக்கு!" என்று என் அக்கா கேலி செய்வாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

அந்தச் சமயத்தில் புதிதாக வந்த மெஷினுக்கு ஒரு வியாதி. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று சிலை மாதிரி நின்றுவிடும். அதுவும் எப்போதும் ஒரே ஆபரேட்டர் ஷிஃப்டில்தான் நிற்கும். அவர் நொச்சிக்குப்பத்துக்காரர். வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போக, இவர் ஒருவர்தான் ஆபீசுக்கு வந்தவர். "நீதான் எதையோ தப்பா அமுக்கறே" என்று மானேஜர் அவர்மேல் பழியைப் போட்டார். இன்னொரு தடவை நின்றால் வேலை கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

மெஷின் ஏன் நின்றது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, 'டம்ப்' எடுப்பது. நின்ற நேரத்தில் அதன் மெமரியில் என்னென்ன இருந்ததோ அத்தனையையும் அப்படியே அச்சடித்து எடுப்பதற்கு அந்தப் பெயர். அதற்கென்று துளையிட்ட அட்டைக் கட்டு ஒன்று உண்டு. மெஷின் நின்றதும் ஓடிப்போய் அட்டைகளைப் போட்டு, டம்ப் எடுத்து, மறுபடி ஓட விட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் செய்கிறோமோ அவ்வளவு கெட்டிக்காரர்கள் என்பது எங்கள் மைய வழக்கம். அந்தத் தாள்களைப் பம்பாயில் இருந்த சர்வீஸ் இன்ஜினீயருக்கு அனுப்புவோம். "ஒன்றும் தெரியவில்லை" என்று ஒவ்வொரு தடவையும் பதில் வரும்.

எங்களிடம் இருந்த டம்ப் குறிப்பு பழைய மாடலுக்கு எழுதியது. புது பிராசஸருக்கு ஒன்று எழுதும்படி மானேஜர் என்னிடம் சொன்னார். பழையதில் மாடல் பெயரை மட்டும் மாற்றி டைப் அடித்திருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும். ஆனால் எனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. செய்து பார்க்காமல் எழுதமாட்டேன்.

மெஷின் சும்மா இருந்த ஒரு காலையில், அந்த ஆபரேட்டரையே கூப்பிட்டு, மெமரி முழுக்க ஒரே எண்ணை நிரப்பச் சொன்னேன். பிறகு மெஷினை நாங்களே நிறுத்தி, டம்ப் எடுத்தோம். தாள் முழுக்க அந்த எண்ணே வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் ஆரம்ப வரிகளில் மட்டும் வேறு ஏதோ இருந்தது.

"இன்னா மேடம் இது? நாம போட்டது எங்க பூட்ச்சு?" என்றார் அவர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அட்டைகளில் இருக்கும் டம்ப் புரோகிராம் மெமரியின் ஆரம்பத்தில்தான் போய் உட்காருகிறது. பழைய மாடலில் அதனால் பாதகமில்லை. புது பிராசஸரோ, நிற்கும்போது கடைசியாக எங்கே இருந்தோம் என்பதை அதே இடத்தில்தான் குறித்து வைக்கிறது. திருடனின் காலடித் தடத்தைப் பெருக்கித் தள்ளிவிட்டுப் போலீஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்!

என் குறிப்பின் முதல் வரி, 'மெஷின் நின்றால் எதிலும் கை வைக்காதே.' அடுத்தது, மெஷின் முகப்பில் உள்ள குமிழைத் திருப்பினால் மெமரியில் இருப்பதை விளக்குகள் காட்டும்; ஆரம்ப இடங்கள் ஒவ்வொன்றுக்கும் எந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை என்று பார்த்து எழுதிக்கொள். அட்டை அதற்கப்புறம்தான்.

சில நாட்களிலேயே சோதனை வந்தது. பரீட்சை மார்க் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. அதை வாங்கிப் போக வந்தவர்கள் வெளியே காத்திருந்தார்கள். மெஷின் நின்றது. அதே ஷிஃப்ட், அதே ஆபரேட்டர்.

மானேஜர் ஓடி வந்தார். "கார்டைப் போடுய்யா! என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு உக்காந்திருக்கே?"

"இரு சார். மேடம் எழுதிக்கீறாங்கோ. வெளக்கு பாத்தப்பாலதான் கார்டு."

"இன்னியோட உனக்கு வேலை கிடையாது!"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குமிழைத் திருப்பி, "எரியுது, எரீல, எரியுது" என்று சொல்லிக்கொண்டே போனார். நான் எழுதினேன். என் குறிப்பு தப்பாக இருந்தால் அவர் பிழைப்பு போய்விடும், எனக்கு ஒன்றும் ஆகாது. அந்த நினைப்பே என்னை வாட்டியது.

டம்பும் விளக்குக் குறிப்பும் பம்பாய் போயின. ஆபரேட்டரை என்ன செய்வது என்பதைப் பதில் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றார் மானேஜர். இந்தத் தடவை பதில் வரவில்லை. இன்ஜினீயரே வந்து இறங்கினார்! பம்பாய் மாதுங்காவில் வளர்ந்த தமிழர். எல்லாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொன்னார். டேப்பும் அட்டை படிக்கும் மெஷினும் ஒரே சமயத்தில் கூப்பிட்டால், எல்லா வேலையையும் பங்கிட்டுத் தரும் தலைமைப் புரோகிராம் வழி தவறிவிடுகிறதாம். மார்க் பட்டியலுக்கு இரண்டும் வேண்டும். அந்த வேலை எப்போதும் எங்கள் ஆபரேட்டரின் ஷிஃப்டில்தான் வரும்.

"ஆபரேட்டர் மேல ஒரு தப்பும் இல்லை. அங்க நான் உக்காந்திருந்தாலும் நின்னுருக்கும்" என்றார். என் குறிப்பைக் கையில் தூக்கிக் காட்டி, இந்த மாடல் இருக்கிற எல்லா ஊருக்கும் இதன் பிரதி போகவேண்டும் என்றார். மானேஜர் அவசர அவசரமாக எல்லாருக்கும் காபி சொன்னார். அவர் முகத்தைப் பார்த்ததில் எனக்கு வந்த சந்தோஷத்தை ஒளிக்க நான் முயற்சிகூடச் செய்யவில்லை.

ஆபரேட்டர் காபிக்கு நிற்கவில்லை. "மேடம், ஊட்டாண்ட போயி அம்மாகிட்ட சொல்லிட்டு ஓடியாந்துடறேன். பத்து நாளா அது சரியா சோறு துன்னல" என்று படியில் தடதடவென்று இறங்கி ஓடினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மவுண்ட் ரோட்டில், ஓடுகிற பஸ்ஸைத் துரத்திப் பிடித்து ஏறிவிட்டார்.

அதற்கப்புறம் எத்தனையோ மெஷின்களுக்குத் தடிதடியாகக் குறிப்புகள் எழுதிவிட்டேன். ஆனாலும், தன் வேலையே போகும் என்று தெரிந்தும் ஒரு மனிதர் நான் எழுதிய வரியை நம்பி அட்டையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாரே, அந்த நம்பிக்கைக்குத் தகுந்தவளாக இருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் ஒவ்வொரு வரியையும் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.