புல்வெட்டியின் தொண்டையில் ஓர் இழை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. அழைத்தவர் சென்னியப்பன். கல்லூரியில் என்னிடம் தமிழ் பயின்றவர். இன்று திருப்பூரை அடுத்த நெருப்பெரிச்சலில் முந்நூறு பேர் பணிபுரியும் பின்னலாடை ஆலைக்கு உரிமையாளர்.

"ஐயா, அந்தப் புல்லு வெட்டற மெஷினோட பொஸ்தகம் உங்ககிட்டத்தான இருக்குதுங்க? சிரமம் பாக்காம எடுத்துட்டு ஒரு எட்டு வர முடியுங்களா? காரு அனுப்பறனுங்க."

"என்ன ஆயிற்று?"

"நின்னு போச்சுங்க. நாளைக்குக் காலையில பையருங்க வர்றாங்க. ரண்டு வாரம் மழையில வெட்டாம உட்டு, ஆபீசு முன்னால புல்லு மொழங்கால் உசரம் நிக்குது."

பையர் என்பவர் அயல்நாட்டிலிருந்து ஆடை வாங்க வருபவர். அவர் வருகிறார் என்றால் திருப்பூரில் சுவருக்குச் சுண்ணாம்பு ஏறும். பணியாளர் கழிவறைக்குப் புதுப் பூட்டு வரும். அது இருக்கட்டும். தமிழாசிரியனுக்கும் புல்வெட்டும் எந்திரத்திற்கும் என்ன உறவு? நியாயமான வினா. சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆலையில் செல்லத்துரை என்றொருவர் இருக்கிறார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மனைவியோடு வந்தவர். லாரியில் துணிச் சுருள்களை ஏற்றி இறக்குவது அவர் பணி. ஒரு நாள் அடுக்கியிருந்த சுருள் சரிந்து வலத்தோளில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது; ஆனால் கை, தோளுக்கு மேல் எழ மறுத்துவிட்டது. பளு தூக்க இயலாது. தையல் தெரியாது. சென்னியப்பன் அவரைத் தோட்டத்திற்கு மாற்றினார். அரிவாளை வீசவும் அந்தக் கையால் முடியாது என்பது பிறகுதான் தெரிந்தது. எனவே, எந்திரம் ஒன்று வாங்குவது என முடிவாயிற்று.

கோவையில் ஒரு கடை. ஆங்கில விளக்கங்களை வாசித்துச் சொல்ல என்னையும் அழைத்துச் சென்றிருந்தார்கள். மின்சாரத்தில் ஓடுவதைக் கடைக்காரர் முதலில் காட்டினார். "கரண்டு இருக்கறப்ப புல்லு வெட்டோணும்னா, நடுராத்திரிதானுங்க வெட்டோணும்" என்றார் சென்னியப்பன். மின்வெட்டைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகள் எவற்றிலும் இவ்வளவு சுருக்கமான கண்டனத்தை நான் படித்ததில்லை.

அடுத்து, தோளில் வாரிட்டு மாட்டிக்கொள்ளும் வகை. நீண்ட குழலின் முனையில் தகடு சுழலும். பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். கல்லும் முள்ளுமான நிலத்திற்கு அதைவிடச் சிறந்தது இல்லை என்றார் கடைக்காரர். செல்லத்துரை வாரைத் தோளில் ஏற்றினார். அவர் முகம் ஒரு கணம் சுருங்கி விரிந்தது. சென்னியப்பன் அதைக் கண்டுவிட்டார்.

"இது வேண்டாமுங்க. சக்கரம் வெச்சுத் தள்ளறது எடுங்க."

எந்திரம் வாங்குவோர்க்கு ஓர் அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி உண்டென்றால், அன்று கற்ற இதைத்தான் சொல்வேன் — புல்லைப் பார்க்குமுன், தள்ளப் போகிறவரின் தோளைப் பாருங்கள்.

எந்திரம் வந்தது. அதனுடன் வந்த நூல் ஆங்கிலத்தில் இருந்தது. பராமரிப்பு முறைகளைத் தமிழில் ஒரே தாளில் எழுதித் தருமாறு கேட்டார்கள். தந்தேன். முதல் வரைவில் பெட்ரோலைக் 'கன்னெய்' என்று எழுதியிருந்தேன். செல்லத்துரை பணிவுடன் கேட்டார்: "ஐயா, இது எந்தக் கடையில கெடைக்கும்?" அடுத்த வரைவில் பெட்ரோல் என்றே எழுதினேன்.

அந்தத் தாளை நெகிழி உறையிலிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதில் உள்ளபடியே நடந்தார். சமதரையில் நிறுத்தி எண்ணெய் அளவு பார்ப்பார். காற்று வடிகட்டும் பஞ்சுறையைச் சோப்புநீரில் அலசி நிழலில் உலர்த்துவார். அடித்தகட்டில் ஒட்டிய புல்லைச் சுரண்டுமுன் தீப்பொறிச் செருகியின், அதாவது ஸ்பார்க் பிளக்கின், தொப்பியைக் கழற்றிவிடுவார் — தகடு எதிர்பாராமல் சுழன்றால் விரல் போய்விடும். இழுகயிற்றை இடக்கையால், எதிர்ப்புறம் திரும்பி நின்று இழுப்பார். ஐந்து திங்கள் ஓடியது, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல்.

ஆறாம் திங்களில் நின்றுவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது எந்திரம் பிரிக்கப்பட்டு அட்டையின்மீது பரப்பப்பட்டிருந்தது. இருசக்கர வண்டி பழுதுபார்க்கும் மெக்கானிக் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கயிற்றை இழுத்தால் பற்றுகிறதாம். பத்து எண்ணுவதற்குள் அணைகிறதாம்.

"பிஸ்டன் ரிங்கு தேஞ்சு போச்சுங்ணா" என்றார் அவர் சென்னியப்பனிடம். "ஆயில் பாக்காம ஓட்டியிருக்காப்ல. கோயமுத்தூரு அனுப்போணும். பத்து நாளாகும்."

"தெனமும் பாக்கேன் மொதலாளி" என்றார் செல்லத்துரை. "குச்சிய உருவித் தொடச்சு, மறுக்க விட்டுப் பாத்துட்டுத்தான் கயித்தத் தொடுவேன்."

"பாத்திருந்தா அது ஏப்பா நிக்குது?"

சென்னியப்பன் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "ரண்டு மணிக்குக் கான்ட்ராக்ட்காரங்க ஆளும் மெஷினுமா வர்றாங்கங்க. வருசத்துக்கும் தோட்டத்த அவங்ககிட்டயே உடறதுன்னாத்தான் இன்னைக்கு வருவாங்களாம். நான் என்னங்க ஐயா பண்ணட்டும்? நாளைக்குப் பையருங்க."

தாழ்ந்த குரல்தான். ஆனால் அது செல்லத்துரையின் காதில் விழுந்துவிட்டது. தோட்டம் போனால் அந்த ஆலையில் அந்தத் தோளுக்கு வேறு வேலை ஏது? அவர் குந்தியமர்ந்து, கழற்றிப் போட்ட திருகுகளை வரிசையாக அடுக்கத் தொடங்கினார். யாரும் கேட்காமலே.

தேநீர் இடைவேளை மணி அடித்தது. கையில் மூடிய தம்ளருடன் ஒரு பெண் வந்தார். தங்கபுஷ்பம், செல்லத்துரையின் மனைவி. ஆலையில் செக்கிங் பிரிவில் இருப்பவர். தைத்து முடித்த ஆடைகளில் குறை உள்ளதா எனப் பார்த்துப் பிரிப்பது அவர் வேலை.

"இந்தாருங்க, டீயக் குடிங்க. ஆறுது."

"வையி."

அவர் வைக்கவில்லை. கணவரின் முகத்தைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், அதிலிருந்து ஒரு சிறு பித்தளைத் துண்டை எடுத்தார்.

"அக்கா, அத வெய்யுங்க" என்றார் மெக்கானிக். "ஜெட்டுங்க்கா அது. ஊதிப் பாத்தாச்சு. கிளீனா இருக்குது."

"ஊதுனா போயிருமா? பலூனா இது?"

"பதினஞ்சு வருசமா வண்டி பாக்கறனுங்க்கா..."

"நானுந்தாம் எட்டு வருசமா ஓட்டை பாக்கேன்."

அந்த ஜெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் உறுப்பின் அடியில் அது இருக்கிறது. கொத்தமல்லி விதையைவிடச் சற்றுப் பெரிது. நடுவில் ஒரு துளை — ஊசிமுனை தடுமாறும் அளவு. இரும்புத் தகடு சுழல்வதும், புல் பறப்பதும், அந்த முழக்கமும், ஒருவரின் பிழைப்பும் இந்தத் துளை வழியாகத்தான் சொட்டுச் சொட்டாக வருகின்றன. பிறகு அதைக் கையில் வாங்கியபோது நினைத்தேன். இவ்வளவு பெரிய ஓசைக்கு இவ்வளவு சிறிய வாயா?

தங்கபுஷ்பம் அதை இரு விரலிடையில் பற்றி வெயிலில் உயர்த்தினார். உற்றுப் பார்க்கவில்லை. மெல்ல அசைத்தார் — இடம், வலம், இடம்.

"உள்ள ஒண்ணு நிக்கி."

மெக்கானிக் வாங்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ஒன்றுமில்லை என்றார். சென்னியப்பன் பார்த்தார். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். துளையின் மறுபுறம் வானம் ஒரு நீலப்புள்ளியாக இருந்தது. அவ்வளவே.

"அசைக்காமப் பாத்தாத் தெரியாதுய்யா" என்றார் தங்கபுஷ்பம். "ஒரே எடத்துல பாத்துட்டு இருந்தா கண்ணு பழகிப்போயி ஏமாத்திரும். இந்தா, இப்பிடி ஆட்டணும். ஆட்டுனா வெளிச்சம் ஒரு எடத்துல வெட்டும். வெட்டுத எடத்துல குத்தம் இருக்கு."

ஆட்டினேன். நீலப்புள்ளி நடுங்கியது. ஒரு கணம்... ஒரே ஒரு கணம், அதன் ஓரத்தில் இமைமயிரின் நிழல் போல ஏதோ வந்து போனது.

இரும்பும் பித்தளையும் அறியாத பெண். அறிந்தது துணி மட்டும். நாளெல்லாம் நின்றபடி, ஒவ்வோர் ஆடையையும் சில நொடிகளில் விரித்துத் திருப்பி வீசுகிறார். அதற்குள் ஊசி விட்ட ஒற்றைத் துளையும், எண்ணெய்த் துளியும், நிறம் மாறிய நூலும் அவர் கண்ணில் படுகின்றன. நாம் உடுத்தும் சட்டையில் ஓட்டை இல்லை என்றால், முன்பின் அறியாத ஒருவர் நமக்காக அதை ஒருமுறை அசைத்துப் பார்த்திருக்கிறார். அறுபத்தெட்டு ஆண்டுகளாகச் சட்டை அணிகிறேன். இதை ஒருநாளும் எண்ணியதில்லை.

"கம்பிய உட்டுக் குத்திரலாங்ளா?" என்றார் மெக்கானிக்.

"கூடாது!" என்றேன். நூலைப் புரட்டிக்கொண்டிருந்த எனக்கும் ஒரு பயன் வாய்த்தது. "குத்தினால் துளை பெரிதாகிவிடும் என்று எழுதியிருக்கிறது."

தங்கபுஷ்பம் உள்ளே போய், தையல் எந்திரத்தில் நூல் கோக்கும் மெல்லிய இடுக்கியுடன் திரும்பினார். துளைக்குள் செலுத்தாமல், அதன் விளிம்பில் ஒட்டியிருந்த இழைநுனியை மட்டும் இடுக்கிமுனையால் பற்றி இழுத்தார். வந்தது. அதை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். முறுக்கிக்கொண்ட மூன்று நான்கு பஞ்சிழைகள். ரோஜா நிறம்.

"சிங்கிள் ஜெர்சி, பனியன் துணி. போன மாசத்து ரோஸ் ஆர்டர்ல்லா இது!"

சென்னியப்பன் புருவம் உயர்ந்தது. "பெட்ரோல்ல பனியன் பஞ்சு எப்படி வந்துச்சு?"

"என்ட்ட வேஸ்ட் துணி கேட்டீயளே" என்று தங்கபுஷ்பம் கணவரிடம் திரும்பினார். "எதுக்குக் கேட்டிய?"

செல்லத்துரையின் இடக்கை சட்டைப் பைக்குப் போனது. அங்கே நெகிழி உறையின் முனை தெரிந்தது. கை அதைத் தொட்டது, வெறுமனே இறங்கிவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலாவது நான் வேறுபக்கம் பார்த்திருப்பேனோ என்னவோ... பார்க்காமல் விட்டார், நான் அகப்பட்டுக்கொண்டேன்.

கையிலிருந்த நூலைப் பார்த்தேன். 'புதிய, தூய பெட்ரோலையே பயன்படுத்துக.' அவ்வளவுதான் இருந்தது. நான் எழுதிக் கொடுத்த தாளின் ஏழாம் வரி எனக்கு மனப்பாடம்: 'பெட்ரோலைத் தூய மெல்லிய பனியன் துணியால் வடிகட்டிய பின்னரே ஊற்றுக.'

மூலத்தில் இல்லாத வரி! எங்கிருந்து வந்தது? என்னிடமிருந்துதான். கேனில் தூசு இருக்குமே என்று நினைத்தேன். நம் ஊரில் மூக்குக்கண்ணாடி முதல் மிதிவண்டி வரை எதைத் துடைப்பதும் பனியன் துண்டால்தான். வடிகட்டவும் அதுவே ஆகும் என்று கை தானாக எழுதிவிட்டது. பழைய ஏடுகளில் பிறர் செருகிய வரிகளைக் கண்டுபிடித்து நீக்குவதில் என் வாழ்நாளில் பாதி கழிந்தது. நானே ஒன்றைச் செருகியிருக்கிறேன் — அதுவும் பெட்ரோல் தொட்டிக்குள்.

"சென்னியப்பன், துணியால் வடிகட்டச் சொன்னவன் நான். நூலில் அப்படி இல்லை. நான் எழுதியதை எழுத்துப் பிசகாமல் இவர் செய்திருக்கிறார். பிழை என்னுடையது."

"ஏனுங்க ஐயா... பனியன் துணியிலீங்களா? வெட்டுனா பஞ்சு உதிரும், ஒதறுனா பஞ்சு உதிரும். இந்த ஊர்ல இருந்துட்டு..." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆசிரியர் முன் சிரிக்கலாகாது என்று அடக்கியதில் இருமலும் வந்தது. பிறகு செல்லத்துரையிடம் திரும்பினார். "ஏப்பா, தாள்ல இருக்குதுன்னு நீயாச்சும் சொல்றதுக்கென்ன?"

"ஐயா நல்லதுக்குத்தான எழுதுனாவ" என்றார் செல்லத்துரை.

வேலை போகவிருந்தவர் சொன்ன சொல் இது. இதற்கு உரை எழுத எனக்குத் தெரியவில்லை.

தொட்டியைக் கவிழ்த்துக் கழுவினார்கள். அடியில் ரோஜா நிறப் பஞ்சு படிந்திருந்தது. மெக்கானிக் எந்திரத்தைப் பூட்டினார். புதிய பெட்ரோல் துணி படாமல் இறங்கியது. மணி ஒன்றே கால். செல்லத்துரை எதிர்ப்புறம் திரும்பி நின்று இடக்கையால் கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பில் ஒரு செருமல். இரண்டாவதில் ஒரு புகைத் திரள். மூன்றாவதில் பற்றியது. அனைவரும் மனத்துள் எண்ணினோம். எட்டு... ஒன்பது... பத்து... பதினொன்று. தங்கபுஷ்பம் கண்ணை மூடியிருந்தார். இருபதைக் கடந்ததும் செல்லத்துரை எந்திரத்தைத் தள்ளிக்கொண்டு நடந்தார். அவருக்குப் பின்னால் முழங்காலளவுப் புல், பாய் விரித்தாற்போல் தாழ்ந்துகொண்டே போனது. அரை ஏக்கர் முழக்கம், ஒரு நீலப்புள்ளியின் வழியாக!

சென்னியப்பன் கைப்பேசியை எடுத்தார். "வர வேண்டாமுங்க... இல்லீங்க, வருசத்துக்கும் வேண்டாமுங்க. தோட்டத்துக்கு நம்மாளு இருக்காருங்க."

தங்கபுஷ்பம் கண்ணைத் திறந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார். கணவரிடமிருந்து வாங்கி வைத்திருந்த உறையிலிருந்து என் தாளை உருவினார். செக்கிங் மேசைக்காரர்களிடம் சிவப்பு அம்புக்குறி ஒட்டிகள் இருக்குமாம். ஆடையில் குறை உள்ள இடத்தில் ஒட்டுவதற்கு. ஒன்றை உரித்தார். ஏழாம் வரிக்கு நேரே ஒட்டித் தாளை என்னிடம் தந்தார்.

"ரிஜெக்ட்டாம்மா?" என்று கேட்டேன்.

"ஒரு குத்தத்துக்கெல்லாம் ரிஜெக்ட் பண்ண மாட்டோம்யா. ஆல்ட்டருக்குத்தான் போவும். சரி பண்ணி என்ட்டயே கொண்டாங்க."

திருத்தி அனுப்பி நான்கு நாள்கள் ஆகின்றன... இன்னும் பாஸ் ஆகவில்லை.