வலையை மிதிக்காதவள்

பனித்திட்டு மீனவக் குப்பத்துக் கெங்கம்மாளுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். கடலுக்குப் போன புருஷன் திரும்பி வராத மறு மாதமே மீன்கூடையைத் தலையில் ஏற்றியவள். பாகூர் கடைத்தெருவில் வைத்தியலிங்கத்தின் மளிகைக் கடையோரம்தான் ஆறு வருஷமாக அவளுக்கு இடம். அங்கே வெயில் படாது. மீன் சீக்கிரம் கெடாது. மீன்வாடை வருகிறதென்று அவளைக் கிளப்பிவிட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் வைத்தியலிங்கம்.

எழுபத்தெட்டில் திருவிழாவுக்குப் பேய் வீடு வந்தது. தார்ப்பாய்க் கூடாரம். பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு. வளைந்து வளைந்து போகும் சந்துகள். எங்கு பார்த்தாலும் கயிற்றில் தொங்கும் பொம்மைகள். முதல் நாளே நாலு ஆம்பளைகள் பாதியில் திரும்பி ஓடிவந்தார்கள்.

"இன்னா கெங்கம்மா, வாய்தான் நீளமா? உள்ள போய்ப் பாரேன்" என்றார் வைத்தியலிங்கம். வாடிக்கைக்காரர்கள் சிரித்தார்கள்.

"போனா இன்னா தருவ மொதலாளி?"

"அந்தாண்ட வாசல் வழியா வெளிய வா, நீ இருக்கிற வரைக்கும் இந்த எடம் ஒனக்குத்தான். வந்த வழியே திரும்புனியோ, நாளைலருந்து கூடைய வேற எங்கியாவது எறக்கிக்கோ."

"எல்லாரும் கேட்டுக்குங்கப்பா!" என்றவள் நேரே போய்ச் சீட்டு வாங்கினாள்.

உள்ளே, தலைவிரி கோலமாக ஒரு பொம்மை முகத்தில் வந்து இடித்தது. "தள்ளிப் போடி" என்று ஒதுக்கிவிட்டு நடந்தாள். கடைசித் திருப்பத்தில் வெளிவாசலின் வெளிச்சம் தெரிந்தது. அங்கேதான் அவள் கால் நின்றுவிட்டது. வழி முழுக்க, தரையில் ஒரு மீன்வலை விரித்துக் கிடந்தது. யாராவது மிதித்தால் வலை இழுபடும். அதில் கட்டிய கயிறுகள் மேலே தொங்கும் பொம்மைகளைத் துள்ளவைக்கும். அதுதான் வித்தை.

சோறு போடுகிற வலையை அவள் குப்பத்தில் யாரும் காலால் மிதிக்கமாட்டார்கள், தாண்டவும் மாட்டார்கள். திரும்பினாலோ இடம் போச்சு.

குனிந்தாள். வலையின் ஓரத்தைப் பிடித்து, கரையில் மடிப்பதுபோல் மளமளவென்று சுருட்டத் தொடங்கினாள். கயிறுகள் அறுந்தன. பத்துப் பன்னிரண்டு பொம்மைகள் தொபதொபவென்று விழுந்தன. திரைக்குப் பின்னால் உறுமிக்கொண்டிருந்த ஆள், "ஐயோ, அம்மா!" என்று அலறிக்கொண்டு ஓடினான்.

கெங்கம்மாள் தோளில் வலையோடு வெளியே வந்தாள். இரண்டு பொம்மைகள் பின்னாலேயே இழுபட்டு வந்தன.

கூடாரக்கார நாகராஜன் தலையில் அடித்துக்கொண்டான். "என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியே!"

"வலைய தரையில போட்டு ஊரையே மிதிக்க வுடறியே, அறிவிருக்காய்யா ஒனக்கு? மேல கட்டு, நானே கட்டித் தரேன். கீழ மட்டும் போட வுடமாட்டேன்."

"அறுத்துப் போட்டுட்டு வந்தா செல்லாது" என்றார், கடைத்தெருக் கூட்டத்தோடு வந்து வெளிவாசலில் நின்ற வைத்தியலிங்கம்.

"எந்த வாசல்ல வந்தேன் மொதலாளி? அத்த மட்டும் சொல்லு."

"அந்தாண்ட வாசல்தான்!" என்று கூட்டம் சொன்னது.

மறுநாள் காலையில் அவள் இடத்தில் ஒரு காலி எண்ணெய்ப் பீப்பாய் நின்றது. கெங்கம்மாள் யாரையும் கேட்கவில்லை. பீப்பாயைத் தெருவில் உருட்டிவிட்டாள், கூடையை இறக்கினாள், "வஞ்சிரம்! வஞ்சிரம்!" என்று கடைக்குள் பார்த்தே கூவினாள்.