ஈயம் தேய்ந்த தேக்சா

கச்சேரி ரோட்டுப் பக்கம் எந்த முஸ்லிம் வீட்டில் பிரியாணி விருந்து என்றாலும், இனிப்பு ஊறுகாய் ஜமீலுன்னிசாவின் கையால்தான். மாங்காய்க் கீற்றும் பேரீச்சையும் காடியிலும் சர்க்கரைப் பாகிலும் வெந்து தேன் நிறத்தில் மின்னும். கை அப்படி, வாய்தான் கொஞ்சம் நீளம். முந்தின வருஷம் ஒரு விருந்தில், சம்பந்தி ஹாஜிரா பீயின் தங்கை வஜீஹா போட்ட ஊறுகாயைத் தொட்டு நக்கிவிட்டு, "இன்னாடி இது, செப்புக்காச ஊறவெச்ச மாதிரி கீது?" என்று பந்தியே சிரிக்கக் கேட்டாள். வஜீஹா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள்.

யுத்தத்தில் மலாயாவிலிருந்து ஈயம் வருவது நின்றுபோயிருந்தது. பாத்திரத்துக்கு ஈயம் பூசும் பீர் முஹம்மது அவளுடைய பெரிய பித்தளைத் தேக்சாவைத் திருப்பிப் பார்த்து, "உள்பூச்சு போயிடுச்சும்மா. எங்கிட்ட ஈயம் இல்ல. புளிப்பு மட்டும் வெச்சிடாதீங்க" என்றார்.

"இத்தினியூண்டு தேய்ஞ்சதுக்கா? போங்க பாய்!"

மருமகனின் தம்பிக்கு நிக்காஹ் வந்தது. வீட்டில் எல்லோரும் வெறும் தேநீர் குடித்து ரேஷன் சர்க்கரையை மிச்சம் பிடித்தார்கள். அந்தத் தேக்சாவிலேயே ஊறுகாயைக் காய்ச்சி, வழக்கம்போல் விடியும்வரை அதிலேயே ஆறவிட்டு, காலையில் ஜாடியில் நிரப்பி மீர்சாகிப்பேட்டையில் இருந்த சம்பந்தி வீட்டுக்கு அனுப்பினாள். பிறகு அடியில் ஒட்டியதை வழித்து வாயில் வைத்தாள். துப்பினாள். தேக்சாவின் உள்விளிம்பில் பச்சையாய்க் களிம்பு பூத்திருந்தது.

யாரும் பார்க்கவில்லை. புளி போட்டுத் துலக்கினால் தடயம் இருக்காது. ஆனால் நாளை அந்த விஷ ஊறுகாயை ஊரே சாப்பிடும். புர்காவை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

சம்பந்தி வீட்டுக் கூடத்தில் வஜீஹாவும் மற்ற பெண்களும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஜாடி.

"வாங்க சம்பந்தி! நாளைக்கு உங்க ஊறுகாய்தான் மாப்பிள்ளை!" என்றாள் ஹாஜிரா பீ.

"அதத் திருப்பிக் குடுத்துடுங்க. பதம் சரியில்ல."

"பதமா? சர்க்கரை கெடைக்காத காலம், மனசு வரலன்னு சொல்லுங்களேன். மக வூட்டுக்குக் குடுத்ததையா திருப்பிக் கேப்பாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். சமையலறை வாசலில் நின்ற மகள் தலையைக் குனிந்துகொண்டாள். கஞ்சத்தனம் என்ற பேரை ஜமீலுன்னிசா வாங்கிக்கொண்டு போய்விடுவாள். இந்த வீட்டிலேயே இருந்து அந்தப் பேச்சைக் கேட்க வேண்டியவள் மகள்.

"ஈயம் போன தேக்சாவுல காய்ச்சிட்டேன். களிம்பு ஏறிடுச்சு. யாரும் வாயில வெச்சிடாதீங்க."

சிரிப்பு நின்றது. வஜீஹா வாயைத் திறப்பாள் என்று ஜமீலுன்னிசா காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். வஜீஹா எழுந்து வந்து ஜாடியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

"பின்னால குழி கீது. தூக்குங்க ஆபா."

இருவருமாகத் தூக்கிப்போய்க் குழியில் சாய்த்தார்கள். பாகு கெட்டியாக, நிதானமாக இறங்கியது. ஏலக்காய் வாசம் கொல்லையெங்கும் பரவியது.

"என்னுதும் அன்னிக்கி இப்டித்தான் வாசமா இருந்துச்சு ஆபா" என்றாள் வஜீஹா.

ஜமீலுன்னிசா நிமிரவில்லை. கழுவின ஜாடியையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.