சாமிக்கு வைத்திருந்த முடி

வெளிநாட்டிலிருந்து வந்த கிறிஸ்தவ ஊழியக் குழுவுக்கு மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். நான் பெரம்பலூரில் இங்கிலீஷ் டீச்சர். கீழப்பழுவூர் பக்கம் ஒரு பிள்ளைகள் விடுதி. பத்து நாளும் காலையில் அரியலூருக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து மாறிப் போனேன்.

வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. சொந்தக் காசில் வந்து, வெயிலில் முகம் சிவந்து, கக்கூஸ் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். ஆனால் யாரையும் எதையும் கேட்டுச் செய்யவில்லை. செய்ய வேண்டியதை அவர்கள் ஊரிலேயே எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆறாம் நாள் வேலை, பேன்.

பெண்பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து முடியைக் கழுத்தளவுக்கு வெட்டி மருந்து போட்டார்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கிற ஒருத்திக்கு இடுப்புவரை முடி. அவள் முறை வந்ததும் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், எனக்கு வேணாம்னு சொல்லுங்க. எங்கப்பா எந்திரிச்சு நடந்தா எனக்கு மொட்டை போடுறதா அம்மா சாமிக்கு வேண்டியிருக்கு. அதுவரைக்கும் கத்திரி படக் கூடாதாம்."

அவள் அப்பா சுண்ணாம்புக்கல் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்திருந்தார். அவரையும் பார்த்துக்கொண்டு கூலி வேலைக்கும் போக வேண்டியிருந்ததால்தான் அம்மா பிள்ளையை விடுதியில் விட்டிருந்தாள்.

கத்திரி வைத்திருந்த வெள்ளைக்காரம்மா, பிள்ளை என்ன சொல்கிறாள் என்று கேட்டார். பக்கத்தில் விடுதி பாஸ்டர் நின்றார். இங்குள்ள பிள்ளைகளின் குடும்பமெல்லாம் ஆண்டவரிடம் வந்துவிட்டது என்று முதல் நாளே குழுவிடம் சொன்னவர் அவர். அதை மொழிபெயர்த்தவள் நான். உண்மையைச் சொன்னால் பிள்ளையை வெளியே அனுப்பிவிடுவார் என்று பயந்ததாகப் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அடுத்த தடவை என்னைக் கூப்பிட மாட்டார் என்றுதான் பயந்தேன்.

கத்திரிக்குப் பயப்படுகிறாள் என்றேன்.

அந்தம்மா அவள் கன்னத்தைத் தடவி, மிட்டாய் கொடுத்து, வெட்டினார். பிள்ளை அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லார் முடியையும் வாரிப் பின்னால் குழியில் போட்டுக் கொளுத்தினார்கள்.

குழு கிளம்பிய அடுத்த ஞாயிறு விடுதி ஜெபத்துக்கு நானும் போயிருந்தேன். அம்மா வந்தாள். பிள்ளையின் தலையைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை.

"வெட்டுனத எங்க போட்டீங்க?"

குழியைக் காட்டினேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து குச்சியால் சாம்பலைக் கிளறினாள். பாதி கருகிய ரிப்பன் ஒன்று கிடைத்தது. யாருடையதோ. அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். ஆண்டவர் சுகம் கொடுப்பார், முடியா கொடுக்கும் என்றார் பாஸ்டர். அவள் அவர் பக்கமே திரும்பாமல், பையை எடுத்துவரும்படி பிள்ளையிடம் சொன்னாள்.

வந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாதும்மா என்று இழுத்தேன்.

"நான் டீச்சர்ட்ட சொன்னேம்மா," என்றாள் பிள்ளை.

அம்மா என்னைப் பார்த்தாள். "அவங்களுக்குத் தெரியாது. சரி. ஒங்களுக்கு?"

இரண்டு பேரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள்.

போன வாரம் வெள்ளைக்காரம்மா போனில் செய்தி அனுப்பியிருந்தார். மறுபடி வருகிறார்களாம். அந்தப் பிள்ளைக்குக் கத்திரி பயம் போய்விட்டதா என்று கேட்டிருந்தார். அன்று பிள்ளை சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் எழுதி அனுப்பினேன். மூன்றே வரி. அன்றைக்குச் சொல்ல அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.